வினை பண்பாகும் வழி: இலத்தீன் விகுதிகள் காட்டும் நுட்பம்

முன்னுரை

ஒருவன் ஓடினான் என்பது செய்தி. அவன் ஓடுகாலி என்பது தீர்ப்பு. முன்னதில் வினை உண்டு; அவ்வினைக்குக் காலம் உண்டு; எப்போது ஓடினான், ஏன் ஓடினான் என வினவுதற்கு இடமும் உண்டு. பின்னதிலோ காலம் மறைந்துவிடுகிறது; காரணமும் மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது அம்மனிதனின் இயல்பு ஒன்றே. ஒருகால் நிகழ்ந்த செயல், என்றும் உள்ள பண்பாகிவிடுகிறது.

வினையைப் பண்பாக்கும் இவ்வழி உலக மொழிகள் பலவற்றிலும் உண்டு. எனினும் அதனைப் பல விகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு விகுதிக்கும் தனிப்பொருள் அமைத்து வழங்கிய மொழிகளுள் இலத்தீன் குறிப்பிடத்தக்கது. உரோமரின் மொழியாகத் தோன்றி, ஐரோப்பாவின் சட்டத்திற்கும் மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் சொல் வழங்கிய அம்மொழியின் விகுதிகள், ஆங்கிலத்தின் வாயிலாக இன்று நம் பாடநூல்களிலும் கடைப்பலகைகளிலும் இடம் பெற்றுள்ளன. அவ்விகுதிகள் எவ்வாறு வினையிலிருந்து பெயரடைகளை ஆக்குகின்றன என்பதையும், அவ்வாக்கத்தால் ஒரு மனிதனின் வாழ்வே மாறக்கூடும் என்பதை உரோமர் உணர்ந்திருந்தனர் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலத்தீன் சொற்கள் பழைய ஒலிப்புக்கு இயன்றவரை நெருங்கிய வகையில் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன.

இலத்தீன் இலக்கணத்தில் பெயரடை

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். பெயரடை என்பது அவற்றுள் தனி வகையாக நிற்கவில்லை. இலத்தீன் இலக்கணத்தாரும் இதில் நம்மவரை ஒத்தனர். கி.பி. நான்காம் நூற்றாண்டினரான டொனாட்டுஸ் சொற்களை எட்டாக வகுத்தார். பெயர், பதிற்பெயர், வினை, வினையடை, எச்சம், இணைப்புச்சொல், முன்னிடைச்சொல், வியப்புச்சொல் என்பன அவை. பெயரடை பெயருக்குள்ளேயே அடங்கியது. வேற்றுமை ஏற்றலும் பால் காட்டலும் அதற்கும் உண்டு என்பதே காரணம்.

இவ்வெட்டனுள் எச்சத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'பார்ட்டிகிப்பியும்' என்பது. பங்கு கொள்வது என்பது அதன் பொருள். பெயரிடமிருந்து வேற்றுமையையும், வினையிடமிருந்து காலத்தையும் அது பங்காகப் பெறுவதால் அப்பெயர் பெற்றது. காலம் காட்டி வேற்றுமை ஏற்கும் நம் வினையாலணையும் பெயரை இவ்விடத்தில் ஒப்பு நோக்குக. ஓடிவந்தவனை, ஓடுகின்றவனுக்கு என்னும் வடிவங்களில் வினையும் பெயரும் ஒருங்கே நிற்றல் போன்றதே அது.

எச்சத்திற்கும் விகுதியால் ஆகும் பெயரடைக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படை. எச்சம் காலத்தை விடுவதில்லை. விகுதி பெற்ற பெயரடை காலத்தை விட்டுவிடுகிறது. காலத்தை விட்ட இடத்தில் அது வேறொன்றைப் பெறுகிறது. இயலுமை, தகுதி, மிகுதி, நிலை, கடமை என்னும் பொருள்களுள் ஒன்று அங்கே வந்து அமர்கிறது. எது அமரும் என்பதை விகுதியே முடிவு செய்கிறது.

கி.மு. 116 முதல் கி.மு. 27 வரை வாழ்ந்த வார்ரோ என்னும் பேரறிஞர் இலத்தீன் மொழி பற்றி 25 பகுதிகள் கொண்ட நூல் ஒன்று இயற்றினார். அவற்றுள் 5 முதல் 10 வரையுள்ள பகுதிகளே பெரும்பாலும் நமக்குக் கிடைத்துள்ளன. சொல் வடிவம் மாறுவதை அவர் இருவகைப்படுத்தினார். ஒன்று இயல்பால் நிகழ்வது. மற்றொன்று விருப்பால் நிகழ்வது. வேற்றுமை உருபு ஏற்பது இயல்பு. அதில் பேசுவோனுக்கு உரிமை இல்லை. ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லைப் படைத்துப் பெயரிடுவது விருப்பு. அங்கே பெயரிடுவோனின் எண்ணம் நுழைகிறது. இப்பகுப்பைப் பின்னர்ச் சொல்லப்படுவனவற்றோடு இணைத்து நோக்குதல் நலம்.

விகுதிகளும் அவற்றின் பொருளும்

1. இயலுமையும் தகுதியும்

'பிலிஸ்', 'இலிஸ்' என்னும் இரண்டும் பெரும்பாலும் செயப்பாட்டுப் பொருள் தருவன. அமாரே என்பது அன்பு செய்தல். அமாபிலிஸ் என்பது அன்பு செய்யத்தக்க. கிரெடெரே என்பது நம்புதல். கிரெடிபிலிஸ் என்பது நம்பத்தக்க. ஃபகெரே என்பது செய்தல். ஃபகிலிஸ் என்பது செய்தற்கு எளிய. ஃபிராங்கெரே என்பது உடைத்தல். ஃபிரகிலிஸ் என்பது எளிதில் உடையக்கூடிய. டோகேரே என்பது கற்பித்தல். டோகிலிஸ் என்பது கற்பிக்கப்படத்தக்க.

'இலிஸ்' சில இடங்களில் வினையின் இறந்தகால எச்ச அடியோடு சேரும். அப்போது முடிந்த செயலின் பயன் அச்சொல்லில் தங்குகிறது. டெக்ஸெரே என்பது நெய்தல். டெக்ஸ்டிலிஸ் என்பது நெய்யப்பட்ட. நம் கடைவீதிகளில் காணும் 'டெக்ஸ்டைல்ஸ்' இதன் வழிவந்ததே. மிட்டெரே என்பது எறிதல், அனுப்புதல். மிஸ்ஸிலிஸ் என்பது எறிதற்குரிய. ஏவுகணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூலம் இது. ஃபொடெரே என்பது தோண்டுதல். ஃபொஸ்ஸிலிஸ் என்பது தோண்டி எடுக்கப்பட்ட. 1546இல் அக்ரிகோலா என்பார் இப்பெயரால் எழுதிய நூல், பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுக்கும் கனிமங்களைப் பற்றியதாகும். புதைபடிவம் என்னும் குறுகிய பொருள் பின்னர் ஏற்பட்டது.

எல்லா இடத்தும் இவை செயப்பாட்டுப் பொருளே தரும் என எண்ணுதல் கூடாது. டெர்ரேரே என்பது அச்சுறுத்துதல். டெர்ரிபிலிஸ் என்பதோ அச்சுறுத்தப்படத்தக்க என்னாது, அச்சுறுத்துகின்ற எனப் பொருள்படும். அகெரே என்பது செயற்படுதல். அகிலிஸ் என்பது விரைந்து செயற்படும். வழக்கே விகுதிக்கு வரம்பு கட்டுகிறது என்க.

2. மிகுதியும் குற்றமும்

'ஆக்ஸ்' என்னும் விகுதி, ஒரு செயலை மிகையாகச் செய்யும் இயல்பைக் காட்டும். லோக்வி என்பது பேசுதல். லோக்வாக்ஸ் என்பது வாயாடியான. ரபெரே என்பது பறித்தல். ரபாக்ஸ் என்பது பறித்துக்கொண்டே இருக்கும் பேராசையுள்ள. எடெரே என்பது உண்ணுதல். எடாக்ஸ் என்பது பெருந்தீனி கொள்ளும். அவுடேரே என்பது துணிதல். அவுடாக்ஸ் என்பது துணிவுள்ள அல்லது அடங்காத் துணிச்சலுள்ள. பொதுவில் இவ்விகுதியில் பழிப்பின் சாயல் உண்டு. எனினும் டெனேரே என்னும் பற்றுதலிலிருந்து வரும் டெனாக்ஸ், விடாப்பிடியுள்ள எனப் புகழாகவும் இகழாகவும் நிற்கும். பற்றுகின்ற பொருள் எது என்பதைப் பொறுத்தது அது.

'உலுஸ்' என்பதும் இவ்வினத்தது. பிபெரே என்பது குடித்தல். பிபுலுஸ் என்பது குடியில் நாட்டமுள்ள. ட்ரெமெரே என்பது நடுங்குதல். ட்ரெமுலுஸ் என்பது நடுங்கிக்கொண்டிருக்கும். கர்ரீரே என்பது அலப்புதல். கர்ருலுஸ் என்பது ஓயாது அலப்பும்.

3. நிலை

'இடுஸ்' என்பது செயலைவிட நிலையைக் குறிக்கும் வினைகளோடு பெரிதும் சேரும். இவ்வினைகளில் வினை, பண்புப்பெயர், பெயரடை என மூன்றும் ஒரு வரிசையாக அமைவது கண்டு மகிழத்தக்கது. கலேரே (வெப்பமாயிருத்தல்), கலோர் (வெப்பம்), கலிடுஸ் (வெப்பமான) என்பது ஒரு வரிசை. டிமேரே (அஞ்சுதல்), டிமோர் (அச்சம்), டிமிடுஸ் (அச்சமுள்ள) என்பது மற்றொன்று. அகேரே என்பது புளித்திருத்தல். அகிடுஸ் என்பது புளிப்பான. அமிலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதனின்று பிறந்தது.

கண்டேரே என்பது வெண்மையாய் ஒளிர்தல். கண்டிடுஸ் என்பது ஒளிரும் வெண்மையுடைய. உரோமில் பதவி வேண்டி மக்களிடம் வாக்குக் கேட்போர் வெண்மையாக்கிய மேலாடை அணிந்தனர். அதனால் கண்டிடாடுஸ் எனப்பட்டனர். வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர் இங்குள்ளது. ஒளிர்தல் என்னும் வினை ஆடையின் பண்பாகி, ஆடையின் பண்பு மனிதனின் பெயராயிற்று.

4. இலக்கணப் பெயர்கள்

'ஈவுஸ்' பெரும்பாலும் இறந்தகால எச்ச அடியோடு சேரும். கபெரே என்பது பிடித்தல். அதன் எச்சம் கப்டுஸ், பிடிக்கப்பட்ட. அதனின்று கப்டீவுஸ், சிறைப்பட்ட. வேற்றுமைப் பெயர்களையும் இவ்விகுதியாலேயே இலத்தீன் இலக்கணத்தார் அமைத்தனர். கொடுத்தற் பொருள் தரும் வேற்றுமை டடீவுஸ் எனப்பட்டது. நம் இலக்கணம் நான்காம் வேற்றுமைக்குக் கொடைப்பொருள் கூறுவதை இங்கு நினைக.

இரண்டாம் வேற்றுமைக்கு அவர்கள் இட்ட பெயர் அக்கூசாடீவுஸ் என்பது. குற்றஞ்சாட்டுதற்குரிய என்பது அதன் பொருள். செயப்படுபொருளுக்கும் குற்றச்சாட்டிற்கும் என்ன உறவு? கிரேக்கத்தில் இவ்வேற்றுமையின் பெயர், விளைவிக்கப்பட்டது என்னும் கருத்தைக் கொண்டது. அக்கிரேக்கச் சொல்லின் வேர் குற்றஞ்சாட்டுதல் என்னும் பொருளும் உடையது. மொழிபெயர்த்தோர் பின்னதைக் கொண்டுவிட்டனர் என்பது மொழிநூலார் பலரின் கருத்து. வினை எது என்பதைத் தவறவிட்டதால் பிறந்த அப்பெயரை ஐரோப்பிய மாணவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக மனப்பாடம் செய்து வருகின்றனர்.

5. வயப்படுதல்

'புண்டுஸ்', 'குண்டுஸ்' என்பன ஒரு வினையின் வயப்பட்டு நிற்றலைக் காட்டுவன. மோரி என்பது இறத்தல்; மோரிபுண்டுஸ் என்பது இறக்கும் தறுவாயிலுள்ள. ஈராஸ்கி என்பது சினத்தல்; ஈராகுண்டுஸ் என்பது எளிதிற் சினம் கொள்ளும். வெரேரி என்பது மதித்து அஞ்சுதல். வெரேகுண்டுஸ் என்பது நாணமும் அடக்கமும் உள்ள. ஒரே விகுதி சினத்தையும் அடக்கத்தையும் பண்பாக்குதல் காண்க.

6. கடமை

'ண்டுஸ்' என்பது ஒன்று செய்யப்பட வேண்டும் என்னும் கடமையைக் காட்டும். இலக்கணத்தார் இதனை எச்சங்களோடு சேர்த்து எண்ணுவர். எனினும் பெயரடையாகவே பெரிதும் வழங்கும். அகெண்டா என்பது செய்யப்பட வேண்டியவை. கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலுக்கு அப்பெயர் வழங்குகிறது. மெமொராண்டும் என்பது நினைவிற் கொள்ளப்பட வேண்டியது. லெகெண்டா என்பது படிக்கப்பட வேண்டியவை. இடைக்காலத்தில் கிறித்தவத் தூயோரின் வரலாறுகளுக்கு வழங்கிய அப்பெயர், பின்னர் மரபுக்கதை என்னும் பொருள் பெற்றது.

இவ்விகுதியின் வன்மையை ஒரு வரலாற்றுச் செய்தி காட்டும். உரோம ஆட்சி மன்றத்தில் முதிய காத்தோ, எப்பொருள் பற்றிப் பேசினாலும் கார்த்தேஜ் நகர் அழிக்கப்பட வேண்டும் எனக் கூறியே முடித்தார் என்பர். அவர் கி.மு. 149இல் மறைந்தார், கார்த்தேஜ் கி.மு. 146இல் அழிக்கப்பட்டது. அக்கருத்தைச் சுட்ட இலத்தீன் ஆசிரியர் வழங்கும் சொல், டெலேரே என்னும் அழித்தல் வினையோடு இவ்விகுதி சேர்ந்து வந்த டெலெண்டா என்பதாகும். 'நாம் அழிப்போம்' என்றால் அழிப்பவர் யார் என்பது தெரியும். அவர்மேல் பொறுப்பும் சாரும். 'அழிதற்குரிய நகர்' என்றால் அழிவு அந்நகரின் இயல்பே போல் ஆகிவிடுகிறது. விகுதி வினையை மறைக்கும்போது வினைமுதலையும் மறைத்துவிடக்கூடும்.

ஒரு வேர், இரு திசை

கிரெடெரே என்னும் நம்புதல் வினை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கிரெடென்ஸ் என்பது நம்புகின்ற, இது எச்சம். கிரெடிபிலிஸ் என்பது நம்பத்தக்க. கிரெடுலுஸ் என்பது எதையும் எளிதில் நம்பிவிடும். கிரெடெண்டுஸ் என்பது நம்பப்பட வேண்டிய. முதலாவதும் மூன்றாவதும் நம்புவோனைச் சுட்டுவன. இரண்டாவதும் நான்காவதும் நம்பப்படுவதைச் சுட்டுவன. கிரெடிபிலிஸ் என்றால் பாராட்டு. கிரெடுலுஸ் என்றால் ஏளனம். வேர் ஒன்றே ஆயினும் விகுதி திசையை மாற்றுகிறது; திசையோடு மதிப்பும் மாறுகிறது.

வேர் மறைந்துபோனால் என்னாகும் என்பதற்கு நோபிலிஸ் என்னும் சொல் சான்றாகும். இதன் பழைய வடிவம் க்னோபிலிஸ் என்பது. அறிதல் என்னும் வினையோடு 'பிலிஸ்' சேர்ந்து, அறியத்தக்க, பலராலும் அறியப்பட்ட எனப் பொருள் தந்தது. எதிர்மறையாகிய இக்னோபிலிஸ் என்பதில் அந்தக் ககரம் இன்னும் தங்கியுள்ளது. காலப்போக்கில், முன்னோர் உயர்பதவி வகித்த குடும்பத்தாரைக் குறிக்கும் சொல்லாக அது நிலைத்தது. அர்ப்பீனும் என்னும் ஊரிற் பிறந்த சிசெரோ கி.மு. 63இல் கான்சல் என்னும் முதற்பதவியை அடைந்தார். எனினும் அவர் குடும்பத்தில் அவருக்கு முன் எவரும் அப்பதவி வகிக்காமையால், அவர் 'புதிய மனிதர்' என்றே சுட்டப்பட்டார். செயலால் அறியப்படுதல் என்னும் வினைப்பொருள் தேய்ந்து, பிறப்பால் வரும் பெருமை என்னும் பண்புப்பொருள் மேலோங்கியது. இதுவும் விகுதி செய்த வேலையே.

சட்டத்தின் முன் ஒரு விகுதி

விகுதியின் பொருளை இலக்கணத்தார் மட்டுமன்றிச் சட்ட அறிஞரும் ஆராய நேர்ந்தது. ஃபுகெரே என்பது ஓடுதல். ஃபுகியென்ஸ் என்பது ஓடுகின்ற. ஃபுகாக்ஸ் என்பது ஓடும் இயல்புள்ள, நில்லாத. ஃபுகிடீவுஸ் என்பதோ, தப்பியோடும் அடிமைக்கு இடப்பட்ட பெயர்.

அடிமைகளை விலைபேசி விற்ற கொடிய வழக்கம் உரோமில் இருந்தது. சந்தையை மேற்பார்வையிட்ட ஐடிலிஸ் என்னும் அதிகாரிகளின் ஆணைப்படி, விற்போர் அடிமையின் நோயையும் குறையையும் வாங்குவோர்க்கு வெளிப்படையாகக் கூற வேண்டும். அவன் ஃபுகிடீவுஸ் ஆயின் அதனையும் கூற வேண்டும். மறைத்து விற்றால் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து அடிமையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே ஒருவனை அச்சொல்லால் சுட்டலாமா, கூடாதா என்பது பெரும் வழக்காயிற்று. விற்போனுக்கு அது பணம். அடிமைக்கோ அது வாழ்வு. தப்பியோடியவர் என்று கருதப்பட்டோர்க்கு மாட்டிய இரும்புக் கழுத்துவளையங்கள், பிடித்துத் திருப்பி அனுப்புக என்னும் எழுத்தோடு இன்றும் கிடைத்துள்ளன.

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் திரட்டின் 21ஆம் நூலில், இதுபற்றி உல்பியானுஸ் என்னும் சட்ட அறிஞர் தொகுத்த கருத்துகள் இடம் பெற்றுள்ளன. அவற்றுள் விவியானுஸ் என்பாரின் கருத்து சிந்திக்கத்தக்கது. ஒருவன் ஃபுகிடீவுஸ் என்பதை அவன் ஓடினான் என்பது கொண்டு அறிதல் கூடாது. அவன் உள்ளக் கருத்தைக் கொண்டே அறிதல் வேண்டும். பகைவனுக்கோ, கொள்ளையனுக்கோ, தீக்கோ, இடிந்து விழும் கட்டடத்திற்கோ அஞ்சி ஓடியவன், ஓடினான் என்பது உண்மையே ஆயினும், ஃபுகிடீவுஸ் ஆகமாட்டான்.

புரோகுலுஸ் என்பார் இதனினும் நுட்பமாகச் சென்றார். தப்பிச் செல்லும் வாய்ப்பை எதிர்நோக்கி வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தவன், ஓடவே இல்லையாயினும் ஃபுகிடீவுஸ் ஆவான். தலைவனின் சினம் தணியும் வரையில் ஒளிந்திருந்தவனோ அவ்வாறு ஆகான். அடிக்க வருவது கண்டு, தனக்காகப் பரிந்து பேசும்படி நண்பர் ஒருவரை அழைத்துவர ஓடியவனும் அவ்வாறு ஆகான்.

ஓடியவன் ஓடுகாலி அல்லன். ஓடாதவன் ஓடுகாலி ஆகலாம். வினை வேறு, அவ்வினையின் விகுதியால் ஆகும் பெயர் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. மனிதனை விலைபொருளாக்கிய ஒரு சமுதாயத்தின் சட்டமே, செயலிலிருந்து இயல்புக்குத் தாவும்போது தயங்கி நின்று காரணம் கேட்டது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

மெய்யியலாரும் இவ்வேறுபாட்டைக் கையாண்டனர். சினம் பற்றித் தனிநூல் எழுதிய செனகா, சினந்தவனையும் சினக்கும் இயல்பினனையும் வேறாகக் காட்டினார். குடித்தவனுக்கும் குடிகாரனுக்கும், அஞ்சுகின்றவனுக்கும் கோழைக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது என்றார். அஞ்சுகின்றவனுக்கு அவர் வழங்கிய சொல் டிமென்ஸ் என்னும் எச்சம். கோழைக்கு வழங்கிய சொல் டிமிடுஸ் என்னும் பெயரடை. சினந்தவன் முன்கோபி அல்லாதிருக்கலாம். முன்கோபியும் சில வேளை சினமின்றி இருக்கலாம் என்பது அவர் விளக்கம். சிசெரோவும் தம் நூலொன்றில் இக்கருத்தை முன்பே சுட்டியுள்ளார்.

தமிழோடு ஒப்பு நோக்கு

இலத்தீனுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இரண்டும் இலத்தீன் மொழியில் அமைந்தவை. பின்னர்க் கால்டுவெல், பெயரெச்சத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய கலைச்சொல்லிலும், டொனாட்டுஸ் கூறிய அந்தப் 'பங்கு கொள்வது' என்னும் சொல்லே இடம் பெற்றது.

எனினும் இரு மொழிகளும் இவ்விடத்தில் எதிரெதிர்ப் பண்புடையன. எழுதிய மாணவன், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய நாள் என நான்கிலும் பெயரெச்சம் ஒன்றே. எழுதியவன் யார், எழுதப்பட்டது எது என்பதை எச்சம் கூறுவதில்லை. பின்வரும் பெயரே கூறுகிறது. ஆனால் எழுதிய, எழுதுகின்ற, எழுதும் எனக் காலத்தை அது தெளிவாகக் காட்டிவிடும். இலத்தீனிலோ எழுதுகின்றவனுக்கு ஸ்கிரிபென்ஸ், எழுதப்பட்டதற்கு ஸ்கிரிப்டுஸ், எழுதும் கருவிக்கு ஸ்கிரிப்டோரியுஸ் என உறவுதோறும் வடிவம் வேறுபடும். விகுதிப் பெயரடையில் உறவு தெளிவாகும், காலம் மறையும். தமிழ் காலத்தைக் காக்கிறது. இலத்தீன் திசையைக் காக்கிறது. அரபு மொழி பயின்றோர், அது பின்னே விகுதி சேர்ப்பதைவிட வேரெழுத்துகளின் வார்ப்பையே மாற்றி, காத்திப் என எழுதுவோனையும் மக்தூப் என எழுதப்பட்டதையும் வேறாக்குவதை அறிவர். வழி பல, பணி ஒன்று.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் எச்சரிக்கை வேண்டும். 'பிலிஸ்' என்னும் ஒரே விகுதி இயலுமையையும் தகுதியையும் சுட்டும். தமிழில் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. காணக்கூடிய என்பது இயலுமை. காணத்தக்க என்பது தகுதி. நச்சுக்காயும் வாயிற் போட்டு உண்ணக்கூடியதே. ஆயினும் உண்ணத்தக்கது அன்று. நீதிமன்றத்தில் நம்பக்கூடிய சாட்சியும் நம்பத்தக்க சாட்சியும் ஒன்றாகா. இலத்தீன் ஒரு விகுதியால் மூடி வைத்ததைத் தமிழில் திறந்து சொல்லியாக வேண்டும். அவ்விடத்தில் நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தே பொருள் அமையும்.

முன்னொட்டிலும் இத்தகைய இடர் உண்டு. 'இன்' என்னும் முன்னொட்டு இலத்தீனில் இருவகைப்படும். ஒன்று எதிர்மறை, இன்கிரெடிபிலிஸ் என்பது நம்பற்கரிய. மற்றொன்று உள்ளே, மேலே என்னும் பொருளது. இன்ஃபிளம்மாரே என்பது தீ மூட்டுதல். அதனின்று பிறந்து 'இன்ஃபிளேமபிள்' என ஆங்கிலத்தில் வழங்கும் சொல், எளிதில் தீப்பற்றக்கூடியது எனப் பொருள்படும். எரிபொருள் வண்டிகளில் எழுதப்படுவது இச்சொல்லே. ஆனால் ஆங்கிலம் பேசுவோரே முன்னொட்டை எதிர்மறையாகக் கொண்டு, தீப்பற்றாதது எனப் பொருள் கொள்ள நேர்ந்தது. அவ்விபரீதத்தைத் தவிர்க்க, இருபதாம் நூற்றாண்டில் பாதுகாப்புத் துறையினர் முன்னொட்டை நீக்கி 'ஃபிளேமபிள்' என எழுதும் வழக்கத்தை வற்புறுத்தினர். சொல்லின் உறுப்பறியாமை உயிருக்கும் ஊறாகலாம் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இலத்தீன் விகுதிகள் வினையின் காலத்தை நீக்கி அதனைப் பண்பாக்குகின்றன என்பதும், அப்பண்பு எத்திசையது, எம்மதிப்பினது என்பதை அந்தந்த விகுதியே வரையறுக்கிறது என்பதும் பெறப்படும். வினை நிகழ்ந்ததா என்பதைக் கண்ணால் காணலாம். பண்பு உண்டா என்பதை ஆராய்ந்தே துணிய வேண்டும். உரோமச் சட்ட அறிஞர் வேண்டியதும் செனகா வேண்டியதும் அத்துணிவுக்கு முன்னே ஒரு நிதானத்தையே.

நம் மொழியிலும் வாயாடி, முன்கோபி, குடிகாரன், பயந்தாங்கொள்ளி, ஓடுகாலி என்னும் பெயர்கள் நாவின் நுனியிலேயே உள்ளன. ஒரு நாள் வகுப்பில் பேசிய மாணவன் வாயாடி ஆகிவிடுகிறான். ஒரு முறை வீட்டில் குரல் உயர்த்தியவன் முன்கோபி ஆகிவிடுகிறான். அவன் பேசியதும் குரல் உயர்த்தியதும் முடிந்துபோன வினைகள். அவற்றின்மேல் நாம் இடும் பெயரோ முடிவதில்லை. அவன் பின்னாலேயே செல்கிறது. வார்ரோ கூறியவாறு, பெயரிடுதல் இயல்பால் நிகழ்வதன்று, விருப்பால் நிகழ்வது. விருப்பால் நிகழ்வதாயின் அதற்கு நாமே பொறுப்பாவோம்.

கற்பிக்கும் நமக்கு இலத்தீன் வழங்கும் சிறந்த பெயரடை டோகிலிஸ் என்பதாகும். கற்பித்தல் என்னும் வினையில் பிறந்து, கற்பிக்கப்படத்தக்கவன் என மாணவனைச் சுட்டுவது அது. ஆங்கிலத்தில் பின்னாளில் 'அடங்கி நடக்கும்' என்னும் பொருளே அச்சொல்லில் மேலோங்கியது வருந்தத்தக்கது. அதன் முதற்பொருளோ அடக்கத்தைக் கேட்கவில்லை, இயலுமையைக் காட்டியது. நேற்று அவன் என்ன செய்தான் என்பதைத் தீர்ப்பாக்காமல், நாளை அவன் என்ன ஆகக்கூடும் என்பதற்கு இடம் வைப்பது அவ்விகுதி. மாணவர் ஒருவரைச் சுட்டப் பெயரடை ஒன்று தேவைப்படும் இடத்தில், அத்தகைய விகுதியையே தேர்ந்தெடுத்தல் நம் கடனாகும்.